மனச்சோர்வு

மனச்சோர்வு என்பது மனநிலை, சிந்தனை, உறக்கம், பசி, அன்றாடச் செயல்கள் ஆகியவற்றைப் பாதிக்கும் ஒரு நோயாகும். இழப்பினாலோ தோல்வியினாலோ எவருக்கும் ஏற்படும் வருத்தம் பொதுவாக நாளடைவில் குறையும். மனச்சோர்வில் வருத்தமோ, எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாட்களிலும், குறைந்தது 2 வாரங்களுக்கு நீடிக்கும்.

அறிகுறிகள்

உறக்கக் கேடு அல்லது மிகையான உறக்கம், பசியில் மாற்றம், களைப்பு, கவனக்குறைவு, தான் எதற்கும் பயனில்லை என்ற எண்ணம், குற்றவுணர்வு, சாவைப் பற்றிய சிந்தனை ஆகியவை முதன்மையானவை. பலர் வருத்தத்தைச் சொல்லாமல் தலைவலி, உடல்வலி, அசதி என்றே மருத்துவரிடம் செல்வர். மாணவர்களிடம் இது எரிச்சலாகவும் மதிப்பெண் சரிவாகவும் வெளிப்படலாம். வீட்டார் இதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ தவறாக எண்ணுவதுண்டு.

காரணங்கள்

பரம்பரை, சிறுவயதுத் துன்பங்கள், நீண்டகால நோய், கடன், தனிமை, மதுப்பழக்கம் எனப் பல காரணங்கள் சேர்ந்து இந்நோயை உண்டாக்கலாம். மன உறுதி குறைந்தவர்களுக்கு மட்டுமே வரும் என்பது தவறு. தைராய்டு சுரப்புக் குறைவும் இத்தகைய அறிகுறிகளைத் தரும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம்.

சிகிச்சை

லேசான நிலையில் உளவியல் ஆலோசனையே பலருக்குப் போதுமானது. கடுமையான நிலையில் மருந்தும் தேவைப்படும். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்ததும் தாமாகவே மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மருத்துவர் சொல்லும் காலம் வரை உட்கொள்ள வேண்டும்.

உதவி பெறுதல்

இந்தியாவில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926 என்ற எண் உள்ளது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைக் காணலாம்.

தற்கொலைக்கு முயன்றவரைக் காவல்துறை வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் இருக்கக் கூடாது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

அறிவுரை கூறுவதைவிடக் குறுக்கிடாமல் கேட்பது நல்லது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது, மறைத்து வைத்ததைச் சொல்ல வழி தரும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை அப்புறப்படுத்தி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.