உங்களுக்குத் தெரியுமா? குளிரைத் தடுக்கும் பழைய செய்தித்தாள்!

கனடா, அமெரிக்க வீடுகள் பலவற்றில் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே பரண் போல ஓர் இடம் உண்டு. குளிரைத் தடுக்கும் காப்புப் பொருளை அங்கேதான் பரப்புவார்கள். ஆனால், பின்னால் சேர்த்துக் கட்டிய தட்டைக் கூரை அறைகள் பலவற்றுக்கு அந்தப் பரண் கிடையாது. ஆள் நுழைய முடியாத சிறு இடைவெளிதான் இருக்கும்.

அந்த இடைவெளிக்குள் பழைய செய்தித்தாள் போகிறது! தாளைப் பஞ்சுபோல் அரைத்து, எளிதில் தீப்பற்றாமலும் பூச்சி அண்டாமலும் இருக்க போரேட் உப்புகளைக் கலக்கிறார்கள். இதுவே செல்லுலோஸ் காப்பு. உட்கூரைப் பலகையில் சுமார் 2 அங்குலத் துளைகள் போட்டு, குழாய் வழியே காற்றழுத்தத்தில் திணிக்கிறார்கள். கன மீட்டருக்கு ஏறத்தாழ 55 கிலோ என்ற இறுக்கம் இருந்தால் பின்னாளில் அமுங்காது.

பெரிய ஆபத்து ஈரம்தான். சமையல் ஆவியும் குளியல் ஆவியும் விளக்குத் துளைகள் வழியே மேலேறி, குளிர்ந்த கூரைப் பலகையில் பட்டு நீராகும், மரம் உளுத்துவிடும். அதனால்தான் பிரிட்டனில் தட்டைக் கூரையின் அடியில் காப்பு வைத்தால், அதற்கு மேலே 50 மில்லிமீட்டர் காற்றோட்ட இடைவெளி விடுகிறார்கள். கூரையையே புதுப்பிக்கும் காலம் நெருங்கிவிட்டதா? அப்படியானால் காத்திருப்பதே நல்லது. அப்போது கூரைப் பலகைக்கு மேலேயே கெட்டியான நுரை அட்டைகளைப் பதிக்கலாம். மரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், உட்கூரையிலும் கைவைக்க வேண்டாம்.

எதைச் செய்தாலும், உட்கூரையில் பழைய குழிவிளக்குகள் இருந்தால் முதலில் மின்பணியாளரிடம் காட்டுங்கள். காப்புப் பொருள் மூடினால் அவை சூடேறித் தீப்பிடிக்கலாம்.