குழந்தை வளர்ப்பில் உறவினர், அண்டை வீட்டார் துணை (உடுமலைப்பேட்டை வட்டாரம்)

குழந்தை வளர்ப்பில் பெற்றோருக்குத் தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்வோர் ஆகியோர் தரும் உதவி எல்லாச் சமூகங்களிலும் உண்டு. திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் இந்த உதவி வழக்கம் சார்ந்தது மட்டுமன்று. நூற்பாலைகளிலும் பனியன் நிறுவனங்களிலும் தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்வதற்கு அடித்தளமாக இருப்பதும் அதுவே.

பின்னணி

உடுமலைப்பேட்டை 2009-ஆம் ஆண்டு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. 1930-களில் பைகாரா நீர்மின்சாரம் கிடைத்தபின் கோவைப் பகுதியில் நூற்பாலைகள் பெருகின. பின்னர் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர்ந்தது. தென்னையும் மக்காச்சோளமும் விளையும் ஊர்களிலிருந்து பெண்கள் ஆலை வண்டிகளிலும் பேருந்துகளிலும் வேலைக்குச் செல்கின்றனர். தோட்டத்தில் வேலை செய்த தாய் குழந்தையை மரத்தடித் தூளியில் படுக்க வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ள முடிந்தது. இயந்திரத்தின் முன் நிற்கும் தாய்க்கு அது இயலாது. எனவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறொருவர் தேவைப்பட்டார்.

உறவுமுறைகளும் பொறுப்புகளும்

கொங்கு வழக்கில் தாயைப் பெற்றவர்கள் அப்பிச்சி, அம்மாயி எனவும், தந்தையைப் பெற்றவர்கள் அப்பாரு, ஆத்தா எனவும் அழைக்கப்படுகின்றனர். தலைப்பிரசவம் தாய்வீட்டைச் சேர்ந்தது என்பது வழக்கம். கட்டுச்சோறு விருந்துக்குப் பின் பெண் தாய்வீடு செல்வாள். பிள்ளை பிறந்து சில மாதங்கள் வரை குழந்தையைக் குளிப்பாட்டுவது, தாய்க்குப் பத்தியச் சாப்பாடு தருவது, இரவில் விழித்திருப்பது எல்லாம் பெரும்பாலும் அம்மாயியின் வேலை. காதுகுத்து, சீர் முதலியவற்றில் தாய்மாமனுக்கு முதலிடம் உண்டு. புகுந்த வீடு திரும்பியபின் அன்றாடப் பொறுப்பு ஆத்தாவிடம் வரும். கூட்டுக் குடும்பங்கள் குறைந்துவிட்ட இக்காலத்திலும், ஒரே தெருவில் அல்லது அடுத்த ஊரில் வாழும் பெற்றோரிடம் பிள்ளையை விட்டுச் செல்வது தொடர்கிறது.

வேலை நேரமும் பள்ளி நேரமும்

பனியன் நிறுவனங்களில் காலை 8.30 மணிக்குத் தொடங்கும் வேலை மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட் எனவும், இரவு 8.30 வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட் எனவும் கணக்கிடப்படுவது வழக்கம். நூற்பாலைகள் இரவு பகலாக மூன்று ஷிப்டுகளில் இயங்குகின்றன. பள்ளியோ மாலை நான்கு மணி அளவில் முடிந்துவிடும். அங்கன்வாடி அதற்கும் முன்பே முடியும். இடைப்பட்ட நேரத்தில் குழந்தை யாரிடம் இருக்கும் என்பதைப் பொறுத்தே தாய் ஒன்றரை ஷிப்ட் பார்க்க முடியுமா, முடியாதா என்பது முடிவாகிறது. பாட்டி நோயுற்றால் அந்த வாரச் சம்பளம் குறையும். ஆகவே வீட்டுப் பாட்டியின் உழைப்பு, சம்பளக் கணக்கில் வராவிட்டாலும் சம்பளத்தின் ஒரு பகுதியே ஆகும்.

அண்டை வீட்டாரும் உடன் வேலை செய்வோரும்

வரிசையாக அமைந்த லைன் வீடுகளில் ஒரே வாசலைப் பல குடும்பங்கள் பயன்படுத்துகின்றன. ஷிப்ட் மாறி வேலைக்குச் செல்லும் பெண்கள் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்வதுண்டு. வீட்டிலிருந்தபடியே துணிகளில் நூல் பிசிறு வெட்டும் பெண்ணிடம் சிறு தொகை கொடுத்துக் குழந்தையை விடுவதும் உண்டு. மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் போன்ற பண நெருக்கடிகளில் மகளிர் சுயஉதவிக் குழுவும் ஏலச்சீட்டும் கைகொடுக்கின்றன. தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டன.

உறவு அருகில் இல்லாத குடும்பங்கள்

தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்து வேலை செய்யும் குடும்பங்களுக்கு இத்துணை எளிதில் கிடைப்பதில்லை. சிலர் பிள்ளையைச் சொந்த ஊரில் தாத்தா, பாட்டியிடம் விட்டுவிட்டுத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சென்று பார்க்கின்றனர். சிலர் ஊரிலிருந்து பாட்டியை அழைத்து வருகின்றனர். இரண்டும் இயலாத வீடுகளில் மூத்த பெண்பிள்ளை தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ள நேர்கிறது. அவள் பள்ளிக்கு அடிக்கடி வராமல் போவதே இதன் முதல் அடையாளம்.

சட்டமும் அரசுத் திட்டங்களும்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று பார்க்கவும் அனுமதித்தது. முதல் இரு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியதும் இச்சட்டமே. ஆனால் ஒப்பந்த முறையிலும், சிறு பட்டறைகளிலும், வீட்டிலிருந்தும் வேலை செய்வோருக்கு இவ்வுரிமைகள் கிடைப்பது அரிது.

அங்கன்வாடி மையங்கள் 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் மதிய உணவுக் கவலையைக் குறைத்தது. 2022-இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீடுகளுக்குப் பேருதவியாக உள்ளது.

உதவியின் மறுபக்கம்

இவ்வுதவியின் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது. 2019-இல் இந்திய அளவில் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும் ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிட்டனர். மூட்டுவலியோடு ஓடும் குழந்தையின் பின்னால் நடக்கும் பாட்டிக்கும் ஓய்வு தேவை. உதவுபவருக்கு வளர்ப்பு முறையில் கருத்துச் சொல்லும் உரிமையும் சேர்ந்தே வருவதால், உணவு, மருந்து, கண்டிப்பு ஆகியவற்றில் மாமியார், மருமகள் இடையே மனத்தாங்கல் எழுவதுண்டு.

பொறுப்புகளை முன்கூட்டியே பேசிக்கொள்வது இதைக் குறைக்கும். வார விடுமுறையில் தந்தை குழந்தையைப் பார்த்துக்கொண்டு பாட்டிக்கு ஓய்வு தரலாம். பள்ளியிலிருந்து யார் அழைத்துச் செல்வார் என்பதை ஆசிரியருக்குத் தெரிவிக்கலாம். தடுப்பூசி அட்டையையும் தொலைபேசி எண்களையும் பார்த்துக்கொள்பவரிடம் கொடுத்து வைக்கலாம். குழந்தைக்கு ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய இலவச எண் 1098 என்பதை அவரும் அறிந்திருக்க வேண்டும்.

மானிடவியல் பார்வை

மனிதக் குழந்தை தாயால் மட்டுமே வளர்க்கப்பட்டதன்று என அமெரிக்க மானிடவியலாளர் சாரா பிளாஃபர் ஹர்டி 2009-இல் வெளியான ‘மதர்ஸ் அண்ட் அதர்ஸ்’ நூலில் வாதிடுகிறார். தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் ஆய்வு செய்த கிரிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர், தாய் கைக்குழந்தையோடு இருக்கும் காலத்தில் மூத்த குழந்தையின் ஊட்டநிலை பாட்டி தேடிக் கொணரும் உணவோடு தொடர்புடையது எனக் கண்டனர். அங்கே பாட்டி கிழங்கு தோண்டுகிறார். உடுமலையில் பாட்டி பள்ளி வாசலில் காத்திருக்கிறார். இரண்டு இடத்திலும் தாயின் உழைப்பு பாட்டியின் உழைப்பைச் சார்ந்தே நிற்கிறது.