மூலையிருள்: ஒளிப்படத்தில் ஒரு குறையும் அதன் காரணங்களும்

பாடசாலைக் குழுப்படங்களில் நடுவே வீற்றிருப்போர் முகம் பொலிவுற்றுத் தோன்ற, வரிசையின் கோடியில் நிற்போர் முகம் மங்கிக் காணப்படுதல் பலரும் கண்டதொன்றாகும். சில ஆண்டுகளுக்கு முன் யான் டிஜிற்றல் கமராவினால் எடுத்த வகுப்புப் படமொன்றில், பின்வரிசையின் இரு கோடிகளிலும் நின்ற மாணவர் இருவர் கரிய மூலைகளுள் மறைந்தே போயினர். கமரா பழுதுற்றதென அன்று கருதினேன். அக்கருத்துத் தவறானது. மூலையிருள் என்பது ஒரு நோயன்று; ஏறத்தாழ ஒரே தோற்றமுடைய பல நோய்களின் பொதுப்பெயராகும். நோயை இன்னதென அறியாது மருந்து தேடுதல் வீண். ஆதலின் அவற்றை வேறுபடுத்தி அறியுமாற்றை ஈண்டு விளக்குவாம்.

முதலாவது, ஒளியின் இயல்பினால் விளைவது. கமராவினுள்ளே ஒளியை உணருந் தகட்டின் மூலையை அடையுங் கதிர், நடுவை அடையுங் கதிரிலும் நெடுந்தூரஞ் செல்கின்றது. சாய்வாக நோக்குமிடத்து வில்லையின் வட்டத் திறப்பும் நீள்வட்டமாய் ஒடுங்குகின்றது. அன்றியும், அக்கதிர் தகட்டின்மீது சரிந்தே விழுகின்றது. இவை மூன்றுங் கூடுதலால், மூலையின் ஒளி சாய்வுக் கோணத்தினது கோசைனின் நான்காம் அடுக்கிற்கேற்பக் குறையும். சாய்வு 30 பாகையாயின் நடுவொளியில் ஏறத்தாழ 56 சதவீதமும், 45 பாகையாயின் 25 சதவீதமுமே மூலைக்குக் கிட்டும். 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமுங் கொண்ட தகட்டில், 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லை மூலைக்கு 71 சதவீதத்தை அளிக்க, 24 மில்லிமீற்றர் வில்லை 30 சதவீதத்தையே அளிக்கும். இக்கணக்கு எளிய வில்லைக்கே முற்றும் பொருந்தும். இக்கால வில்லைகளை வகுப்போர் இக்குறையைப் பெரிதுந் தணித்துள்ளனராயினும், முற்றாக ஒழித்தாரல்லர்.

இஃது இன்று தோன்றிய இடர்ப்பாடுமன்று. 1900 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் கோர்ட்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய ஹைப்பர்கொன் என்னும் வில்லை, 135 பாகை அகன்ற காட்சியை ஒரே படத்துள் அடக்கியது. அதன் ஓரக் கதிரின் சாய்வு 67.5 பாகை, மேற்கூறிய விதிப்படி நடுவொளியில் 2 சதவீதமே ஓரத்தை எட்டும். அதனை ஈடுசெய்தற்பொருட்டு, நட்சத்திர வடிவான சிறு தகடொன்றை வில்லையின் முன்னே காற்றினாற் சுழலச்செய்து, ஒளிபடும் நேரத்தின் ஒரு பகுதியில் நடுவொளியை மட்டுப்படுத்தினர்.

இரண்டாவது, வில்லைக் குழலின் விளிம்புகளால் விளைவது. திறப்பு முழுதும் விரிந்திருக்கையில், குழலின் முன்விளிம்பும் பின்விளிம்பும் சாய்ந்த கதிர்களின் ஒரு பகுதியைத் தடுக்கின்றன. வில்லையைக் கழற்றிச் சரித்துப் பார்ப்பின், வட்டத் திறப்புப் பூனைக்கண்போல ஒடுங்கித் தோன்றுதலைக் காணலாம். திறப்பெண்ணை 2.8 இலிருந்து 5.6 இற்கோ 8 இற்கோ மாற்றித் திறப்பைச் சுருக்கின், இவ்விருள் பெரும்பாலும் நீங்கிவிடும்.

மூன்றாவது, புறப்பொருளின் தடையினால் விளைவது. வில்லையின் முகப்பிற் பொருத்தும் வெயில்மறைப்புக் கோணலாயிருத்தல், ஒன்றன்மேலொன்றாக வடிகட்டிக் கண்ணாடிகளைப் பூட்டுதல், சிறிய தகட்டிற்கென ஆக்கிய வில்லையைப் பெரிய தகடுள்ள கமராவிற் பொருத்துதல் ஆகியன இதற்குக் காரணங்களாம். முன்னைய இரண்டிலும் இருள் படிப்படியாகப் பரவும். இதிலோ மூலை கருமையுற்று, அதன் எல்லை துலக்கமாய் நிற்கும். திறப்பைச் சுருக்கின் அவ்வெல்லை மேலுந் துலங்குமேயன்றி மறையாது.

பிளாஷ் விளக்கின் ஒளி வில்லை காணும் பரப்பு முழுவதையும் நிரப்பாதவிடத்தும் மூலைகள் இருளும். அவ்விளக்கு கமராவோடு இணைந்ததாயின், நீண்ட வில்லையின் நிழல் படத்தின் அடியில் அரைவட்டமாக விழுதலும் உண்டு.

இவற்றைப் பிரித்தறிதற்கு மேகம் மூடிய வானமோ, சீராக ஒளிபெற்ற வெண்சுவரோ போதும். பிளாஷ் விளக்கின்றி, திறப்பை முழுதும் விரித்து ஒரு படமும், எண் 8 இற்குச் சுருக்கி மற்றொரு படமும் எடுக்குக. இரண்டிலும் நடுப்பகுதியின் வெளிச்சம் ஒத்திருத்தல் வேண்டும். சுருக்கியபொழுது நீங்கிய இருள் குழலினால் வந்தது. சுருக்கியும் மெல்லிதாய் எஞ்சுவது ஒளியின் இயல்பினால் வந்தது. கூரிய எல்லையுடன் நிலைப்பது தடையினால் வந்தது; வெயில்மறைப்பையும் வடிகட்டிகளையும் கழற்றி மீண்டும் எடுத்துப் பார்க்குக.

கணினியில் மூலைகளை வெளிச்சமாக்கலாமே எனின், ஆம். கமராக்கள் பல அதனைத் தாமாகவே செய்கின்றன. ஆயினும் கால்பங்கு ஒளி பெற்ற மூலையை நான்கு மடங்கு உயர்த்துமிடத்து, ஆங்குள்ள மணல்போன்ற புள்ளிகளும் உடன் உயரும். அன்றியும், குறைந்த ஒளியை உயர்த்துதல் கூடுமேயன்றி, வராத ஒளியை வருவித்தல் எவ்வாற்றானுங் கூடாது.

எமது வகுப்புப் படத்தைக் கெடுத்தது, சற்றே திரும்பியிருந்த வெயில்மறைப்பு. அதனைச் சரிசெய்ய ஒரு கணம் போதுமாயிருந்தது. உண்மை புலப்பட்டபொழுது அம்மாணவர் இருவரும் கல்லூரியை விட்டு நீங்கிவிட்டனர். அவ்வகுப்பை மீளவும் ஒருங்கே நிறுத்துதல் இயலாதாயிற்று. அன்று தொட்டு, படம் எடுத்தவுடன் நடுவிலுள்ளோரைப் பாராது, நான்கு மூலைகளையும் முதலிற் பெருக்கிப் பார்த்தலை வழக்கமாகக் கொண்டுள்ளேன். கோடியில் நிற்போனுக்கும் அப்படம் அவன் படமே.