மூட்டினுள்ளே காவலரும் கலகக்காரரும்



என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், காலையில் முதற் பாடவேளையில் வெண்கட்டியைப் பிடிக்க மாட்டாமல், மாணவியொருத்தியை அழைத்துக் கரும்பலகையில் எழுதச் செய்வார். "வயது போனால் வருவதுதானே" என்று சொல்லி எண்ணெய் பூசிக்கொள்வார். அப்பொழுது அவருக்கு வயது 38!

அது முதுமைத் தேய்வன்று; முடக்குவாதம். கிருமிகளிடமிருந்து எம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புக் கலங்களே, ஆள்மாறாட்டங் கொண்டு, சொந்த உடலின் மூட்டைத் தாக்கும் நோய் அது. மூட்டின் உட்புறத்தே மெல்லிய சவ்வொன்று உண்டு. எலும்புகள் உராயாதிருக்க வழுவழுப்பான நீரைச் சுரப்பது அதுவே. வெண்குருதிக் கலங்கள் அங்கே திரண்டு புகுந்ததும் சவ்வு தடித்து வீங்குகிறது. நாளடைவிற் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது.

1929ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்து வைத்தியர் பிலிப் ஹென்ச், மஞ்சட்காமாலை கண்ட ஒரு நோயாளியின் மூட்டு வலி தணிந்ததைக் கவனித்தார். உடலே சுரக்கும் ஏதோவொரு பொருள்தான் இதற்குக் காரணமென்று கருதித் தேடினார். 1948இல் கோட்டிசோன் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, நடக்கவியலாதிருந்த பெண்ணொருவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் நோபெல் பரிசில் ஹென்ச்சும் பங்கு பெற்றார். ஆயினும், நெடுங்காலம் உட்கொண்டால் எலும்பு மெலியும். குருதியிற் சீனி ஏறும். கிருமிகளை எதிர்க்கும் வலுவுங் குன்றும். கலகக்காரர் சிலருக்காக ஊர் முழுவதையும் சிறையிட்டது போன்ற வைத்தியம் அது.

கலகக்காரரை மட்டும் பிடிப்பது எவ்வாறு? இலண்டனிலே மார்க் பெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற இருவர், இக்கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் இரசாயனத் தூதுகளை ஆராய்ந்து, அவற்றுள் முதன்மையான ஒன்றைத் தடுத்தால் மற்றவையும் அடங்கும் எனக் கண்டனர். 1992இல் அத்தூதைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்குச் செலுத்தினர், வீக்கம் வற்றியது. பின்னர் ஒருவகை வெண்கலங்களை மட்டும் நீக்கும் மருந்தும் வந்தது. எனினும், முன்னைய வகை மருந்து உடலில் உறங்கிக் கிடக்கும் சயரோகத்தை எழுப்பிவிடக்கூடும். ஆதலாற் சோதித்த பின்னரே கொடுப்பர்.

என்னை வியப்பிலாழ்த்தியது அண்மைய செய்தியே. மூட்டிலுள்ள விழுங்கிக் கலங்கள் யாவும் பகையல்ல! ஜேர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர், அவற்றுள் ஒரு வகை சவ்வின் மேல் நெருங்கி நின்று மதில்போற் காப்பதை 2019இல் எலிகளிற் கண்டனர். நோய் தணிந்தோரின் மூட்டிலே அழற்சியை அடக்கும் விழுங்கிக் கலங்கள் மிகுந்திருப்பதையும், அவை குறைந்தோருக்கு மருந்தை நிறுத்தியபின் நோய் மீளும் வாய்ப்பு அதிகமென்பதையும், மறு ஆண்டில் கிளாஸ்கோ, உரோம் நகர அறிஞர் அறிவித்தனர். அக்காவலரை வலுப்படுத்தும் மருந்து இன்னும் ஆய்வுகூடத்திலேயே இருக்கிறது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் மெதொட்ரெக்சேட் வில்லை பலருக்குப் போதுமானது. அதனை நாள்தோறும் விழுங்குதல் உயிருக்கே ஆபத்து. வலிநிவாரணிகளோ வலியைத் தணிக்குமேயன்றி எலும்பரிப்பைத் தடுக்கமாட்டா. விரல் மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், சில வாரங்களுக்குள்ளேயே வைத்தியரை நாடுங்கள். அரித்த எலும்பு பழைய நிலைக்கு மீள்வது அரிது.

அவ்வாசிரியை ஈராண்டு தாமதித்தே வைத்தியசாலைக்குச் சென்றார். வலக்கையின் இரு விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன. மற்றவற்றால் வெண்கட்டியைப் பிடித்துப் பின்னர் தாமே எழுதினார்.