வானம் பார்த்த பூமி

சவ்வாது மலையில் சாமை விதைத்த உழவர், விதைத்த கையோடு வானத்தை அண்ணாந்து பார்ப்பார். அச்சரிவு நிலத்திற்கு ஏரியுமில்லை, வாய்க்காலுமில்லை. மழை பொய்த்தால் அவ்வீட்டில் அவ்வாண்டு சாமைச்சோறு இல்லை. இணைச்சட்ட நூலின் 11-ஆம் அதிகாரத்தை வாசிக்குந்தோறும் அம்முகமே என் நினைவுக்கு வருகின்றது. எகிப்தில் கீரைத் தோட்டத்திற்குப் பாய்ச்சுவதுபோல் காலால் நீர் பாய்ச்சினீர்கள். நீங்கள் போகும் நாடோ மலையும் பள்ளத்தாக்குமாய் வான்மழையைப் பருகும் நாடு என்று மோசே அங்கே கூறுகிறார். நைல் நதியை விட்டு வந்தோர்க்கு இது வரமா, சோதனையா? இரண்டுமே என்பேன். அங்கே மனிதன் தன் காலை நம்பலாம். இங்கே இறைவனை நம்பியே ஆகவேண்டும். மழையின் திறவுகோலை இறைவன் எத்தூதர் கையிலும் ஒப்படைப்பதில்லை என்கிறது தல்மூது.

அம்மழையைக் கேட்பதிலும் யூத அறிஞர் ஒரு வரம்பு வைத்தனர். கூடாரப் பெருவிழா முடியும்போது கோடையில் காய்ந்த நிலம் வாய்பிளந்து கிடக்கும். ஆயினும் 15 நாள் பொறுத்தே மழை வேண்டலாம் என்றனர். எருசலேமுக்கு வந்த திருப்பயணிகளுள் கடைசி மனிதனும் யூப்பிரத்தீசு ஆற்றை அடைந்துவிட வேண்டுமே! கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா நூலில் இது உள்ளது. இப்போதெல்லாம் மழைக்காக முழந்தாளிடுகையில், சந்தைக்குப் போய்விட்டு இன்னும் மலைப்பாதை ஏறிக்கொண்டிருப்போர் என் கண்முன் வருகின்றனர்.