தீராத நோயும் தீர்க்கக்கூடிய துன்பமும்

"இனி எங்கள் கையில் ஒன்றுமில்லை; வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்." முற்றிய புற்றுநோய் கண்டவரின் குடும்பத்தார் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று கேட்க நேரும் வார்த்தைகள் இவை. இப்படிச் சொல்லும் வைத்தியரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிடக் கூடாது. நோயை வேரோடு களைவதுதான் வைத்தியம் என்று அவருக்குக் கற்பித்திருக்கிறார்கள். களைய முடியாத நோய் என்று தெரிந்ததும் தம் வேலை முடிந்ததாக அவர் கருதுகிறார். நோயாளியின் வாழ்க்கையோ முடியவில்லை. சில வாரங்களோ, பல மாதங்களோ, சில சமயம் ஓரிரு வருஷங்களோ அவர் இன்னும் வாழ்ந்தாக வேண்டும். அந்த நாள்களை எப்படிக் கழிப்பது? இரவெல்லாம் வலியால் துடித்துக்கொண்டா, அல்லது பேரக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டா?

இந்தக் கேள்விக்கு விடையாகவே வைத்தியத்தில் ஒரு துறை தோன்றி வளர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதைப் 'பாலியேடிவ் கேர்' என்பார்கள். மேலே போர்த்தும் அங்கியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மார்கழிக் குளிரை நிறுத்த நம்மால் ஆகாது. குளிரில் நடுங்குகிறவன் மேல் ஒரு போர்வையைப் போர்த்த ஆகும் அல்லவா? தமிழில் இதைத் தணிப்புச் சிகிச்சை என்று சொல்லலாம்.

இது யாரோ சிலருடைய விஷயம் என்று நேயர்கள் ஒதுக்கிவிட முடியாது. 2022-ம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டதென்றும், சுமார் 9 லட்சம் பேர் அதனால் மாண்டனர் என்றும் சர்வதேசக் கணக்குகள் மதிப்பிடுகின்றன. நம் நாட்டில் மிகப் பலர் நோய் முற்றிய பிறகே வைத்தியரிடம் வருகிறார்கள். ஆகையால் நோயைத் தீர்க்கும் சிகிச்சை எவ்வளவு அவசியமோ, துன்பத்தைத் தணிக்கும் சிகிச்சையும் அவ்வளவு அவசியம்.

ஐந்நூறு பவுனும் ஒரு ஜன்னலும்

இத்துறையின் தாய் என்று போற்றத்தக்கவர் ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1918-ல் பிறந்த அவர் யுத்த காலத்தில் தாதியாகப் பயிற்சி பெற்றார். முதுகு வலியால் அந்த வேலையை விட நேர்ந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்ப நலன்களைக் கவனிக்கும் உத்தியோகத்தை ஏற்றார். அங்கேதான் டேவிட் டாஸ்மா என்ற போலந்து தேசத்து யூத அகதியைச் சந்தித்தார். உற்றார் உறவினர் யாருமின்றி, புற்றுநோயால் லண்டனில் இறந்துகொண்டிருந்த மனிதர் அவர். இம்மாதிரி மரணத்தை நோக்கிச் செல்கிறவர்களுக்கு அமைதியான ஓர் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பல நாள் பேசினார்கள். 1948-ல் டாஸ்மா கண்ணை மூடினார். ஸாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி, 500 பவுன் பணத்தை அவருக்கு விட்டுச் சென்றார்.

தாதியின் சொல்லை வைத்தியர்கள் கேட்க மாட்டார்கள் என்று கண்ட ஸாண்டர்ஸ், வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1957-ல் தாமே டாக்டரானார். ஜன்னலுக்கு ஏற்ற வீட்டைக் கட்ட மேலும் பத்து வருஷம் பிடித்தது. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் இல்லம் திறக்கப்பட்டது. உலகெங்கும் இன்று நடைபெறும் இத்தகைய இல்லங்களுக்கு அதுவே முன்மாதிரி. 2005-ல் ஸாண்டர்ஸ் காலமானதும் அதே இல்லத்தில்தான்.

அவர் கண்ட பெரிய உண்மை, வலி என்பது உடம்பை மட்டும் சேர்ந்ததன்று என்பது. எலும்பில் பரவிய புற்று வலிக்கிறது, கலியாணமாகாத பெண்ணை நினைத்து மனம் வலிக்கிறது, அடமானம் வைத்த வீட்டை நினைத்து வலி இரட்டிக்கிறது, "நான் என்ன பாவம் செய்தேன்?" என்ற கேள்வி இரவில் தூங்க விடாமல் அடிக்கிறது. இத்தனையும் சேர்ந்ததற்கு 'முழு வலி' என்று அவர் பெயரிட்டார். மாத்திரை ஒரு பகுதிக்கே மருந்து. மற்றவற்றுக்கு மனிதர்கள் வேண்டும்.

கடிகாரம் பார்த்துத் தரும் மருந்து

உடம்பின் வலிக்கு 1986-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஓர் எளிய வழியை வகுத்தது. அதை மூன்று படி ஏணி என்பார்கள். லேசான வலிக்கு முதற்படியில் பாரஸிடமால் போன்ற மருந்துகள். அதற்கு அடங்காவிட்டால் நடுத்தர வலிக்கான மருந்து. அதற்கும் மிஞ்சினால் மார்பின். கூடுமானவரை ஊசியின்றி வாய்வழியாகவே மருந்து தர வேண்டும். வலி வந்து நோயாளி கதறும் வரையில் காத்திராமல், கடிகாரம் பார்த்து, முன் வேளை மருந்தின் பலன் தீர்வதற்குள் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்க வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரையை நான்கு மணிக்கு ஒரு தடவை தருவது வழக்கம்.

மார்பின் என்றதும் பலர் பயந்துபோகிறார்கள். பழக்கத்துக்கு அடிமையாகி விடுவாரோ, மூச்சு நின்றுவிடுமோ என்று நடுங்குகிறார்கள். வலிக்குத் தக்க அளவில், வைத்தியரின் மேற்பார்வையில், சிறிது சிறிதாகக் கூட்டித் தரும்போது இவ்விபத்துகள் நேர்வது அரிது. நிச்சயமாக நேரும் தொல்லை ஒன்று உண்டு. அது மலச்சிக்கல். அதனால்தான் அனுபவமுள்ள வைத்தியர் மார்பினோடு மலமிளக்கும் மருந்தையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறார். முதல் சில நாள்களில் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். பெரும்பாலும் அவை தாமே விலகிவிடும்.

கசகசா விளையும் நாட்டில்

மார்பின் எதிலிருந்து வருகிறது? அபினியிலிருந்து. அபினி எதிலிருந்து வருகிறது? நாம் பாயசத்துக்கு அரைக்கிறோமே, அந்தக் கசகசாவைத் தரும் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் சர்க்கார் அனுமதியுடன் இதைப் பயிரிடுகிறார்கள். காஸிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்காருடைய அபினித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உலகத்துக்கு மருந்துக்கான அபினியை ஏற்றுமதி செய்து வந்த தேசம் நம்முடையது.

அப்படியிருந்தும் நம்முடைய நோயாளிகள் வலியால் துடித்தார்கள். 1985-ல் போதைப் பொருள்களைத் தடுக்கக் கடுமையான சட்டம் ஒன்று வந்தது. கள்ளக் கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போட்ட வலையில் ஆஸ்பத்திரிகள் அகப்பட்டுக்கொண்டன. மார்பின் வாங்குவதற்குப் பல இலாகாக்களிடம் தனித்தனியே அனுமதி பெற வேண்டியிருந்தது. ஓர் அனுமதி கிடைப்பதற்குள் இன்னொன்றின் கெடு முடிந்துவிடும். சிறு பிழைக்கும் சிறைவாசம் காத்திருந்தது. இந்தச் சங்கடத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் மார்பின் வைத்திருப்பதையே நிறுத்தின. 1985-க்கும் 1997-க்கும் இடையே நாட்டில் மருந்தாகச் செலவான மார்பின் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. சட்டத்தைத் திருத்த அன்பர்கள் பல வருஷம் முயன்றார்கள். 2014-ல் பார்லிமெண்டு திருத்தம் செய்து, அவசியமான மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே விதமான அனுமதி முறைக்கு வழிசெய்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் திறந்த கதவு எல்லா ஊர் ஆஸ்பத்திரிகளிலும் திறந்துவிடவில்லை.

உலக நிலைமையும் பெருமைப்படத் தக்கதாக இல்லை. 2017-ல் லான்ஸெட் பத்திரிகை அமைத்த குழு வெளியிட்ட கணக்கின்படி, உலகில் வழங்கப்பட்ட மார்பின் வகை மருந்து ஆண்டுக்கு சுமார் 299 டன். அதில் மிக ஏழை நாடுகளுக்குக் கிடைத்தது 0.1 டன் மட்டுமே. மலிவான மருந்துதான், ஏழைக்கு மட்டும் எட்டவில்லை.

கள்ளிக்கோட்டை காட்டிய வழி

இந்தியாவில் இத்தகைய முதல் இல்லம் 1986-ல் பம்பாயில் 'சாந்தி அவேத்னா' என்ற பெயருடன் தோன்றியது. ஆயினும் உலகமே திரும்பிப் பார்த்த காரியம் நடந்தது மலையாள நாட்டில். 1993-ல் கள்ளிக்கோட்டை வைத்தியக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் ஒரு சங்கம் தொடங்கி, புறநோயாளிகளுக்கு வலி வைத்தியம் செய்யலானார்கள். சில ஆண்டுகளில் அவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நடக்க முடியாத நோயாளி ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவார்? வைத்தியந்தான் அவருடைய வாசலுக்குப் போக வேண்டும். எத்தனை வாசலுக்கு ஒரு டாக்டர் போக முடியும்?

அப்போதுதான் ஊராரைக் கூப்பிட்டார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், குடும்ப ஸ்திரீகள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் வந்தார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது கொடுக்கக் கூடியவர்களுக்குச் சில நாள் பயிற்சி தந்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட தாதி போவாள். மருந்தின் அளவை டாக்டர் தீர்மானிப்பார். வீட்டில் அரிசி இருக்கிறதா, குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா, நோயாளி யாரிடமாவது மனம் விட்டுப் பேசினாரா என்று பார்ப்பது தொண்டர்களின் வேலை. பணமும் பெரும்பாலும் ஊராரிடமிருந்து சிறுசிறு தொகையாகவே சேர்ந்தது. மலப்புரம், கள்ளிக்கோட்டை ஜில்லாக்களில் இந்த அண்டை அயலார் இயக்கம் வேகமாகப் பரவியது. 2008-ல் கேரள சர்க்கார் தணிப்புச் சிகிச்சைக்கென்றே தனிக் கொள்கையை வெளியிட்டது. பஞ்சாயத்துகள் தாதிகளை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின. 2012-ல் மத்திய சர்க்காரும் தேசியத் திட்டம் ஒன்றை வகுத்தது. கூரையில் தீப்பிடித்தால் ஊரே குடத்துடன் ஓடி வருவது நம் கிராமங்களுக்குப் புதிதன்று. அதே அயலார் தருமத்தைக் கள்ளிக்கோட்டைக்காரர்கள் நோய்ப் படுக்கைக்குக் கொண்டுவந்தார்கள்.

வீட்டார் அறிய வேண்டியவை

நோயாளியைப் பராமரிக்கும் பெரும் பாரம் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது. அவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் பாரம் குறையும்.

வலி எங்கே, எப்போது, எவ்வளவு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் குறித்து வைப்பது வைத்தியருக்குப் பெரிய உதவி. படுக்கையை விட்டு எழ முடியாதவரைச் சுமார் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம். வாய் உலர்ந்து போகாமல் அடிக்கடி நனைத்துச் சுத்தம் செய்தல் மிகுந்த சுகம் தரும். மூச்சுத் திணறும்போது தலையணையை உயர்த்தி, முகத்தில் காற்றுப் படும்படி விசிறினாலே தவிப்புக் குறையும். நாற்றமெடுக்கும் புற்றுப் புண்ணுக்கு மெட்ரோனிடஸோல் என்ற மருந்தை மேலே இட்டால் நாற்றம் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. நாற்றத்துக்கு அஞ்சி உறவினர் அறைப் பக்கம் வராதிருப்பதைப் போல நோயாளியின் மனத்தைப் புண்படுத்துவது வேறில்லை.

இன்னொன்று ஆகாரம். "ஒரு வாய் சாப்பிட மாட்டாயா?" என்று தாயார் கெஞ்சுவது இயற்கை. அந்திம காலத்தில் உடம்பே உணவை வேண்டாமென்கிறது. பசியும் தாகமும் குறைகின்றன. அப்போது வற்புறுத்தி ஊட்டுவது துன்பமாகவே முடியும். கேட்டபோது, கேட்டதை, ஒரு கரண்டி கொடுத்தால் போதும்.

உண்மையைச் சொல்லலாமா?

நம் குடும்பங்களில் நோயின் பெயரை நோயாளியிடம் மறைப்பதே அன்பு என்று கருதப்படுகிறது. மகன் அப்பாவிடம் மறைக்கிறான். அப்பாவோ பெரும்பாலும் ஊகித்துவிட்டு, மகன் வருந்துவானே என்று தெரியாதவர்போல் இருக்கிறார். ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியே அழுகிறார்கள். சொத்துக்கு ஏற்பாடு செய்யவும், பிணங்கிய தம்பியை வரவழைக்கவும், மனைவியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டியதில்லை. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேட்டு, அவ்வளவு மட்டும், பொய் கலவாமல், அருகில் உட்கார்ந்து சொல்லலாம்.

தணிப்புச் சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டதாக அர்த்தம் என்றும் சிலர் எண்ணுகிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குத் தக்க பதில். நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மறு பாதிக்கு அத்துடன் ஆரம்பத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சையும் தரப்பட்டது. பின்னவர்கள் மனச்சோர்வு குறைந்து, நல்ல விதமாக வாழ்ந்தார்கள். கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளை அவர்கள் குறைவாகவே பெற்றார்கள். ஆயினும் சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் அதிக நாள் உயிரோடிருந்தார்கள். ஆகவே கடைசி வாரத்துக்காகக் காத்திராமல், நோய் முற்றியது என்று தெரிந்த அன்றே இதைக் கேட்டுப் பெறுவது நலம்.

நேயர்கள் செய்யக்கூடியது சிறிதன்று. தங்கள் ஜில்லா ஆஸ்பத்திரியில் வாய்வழி மார்பின் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். இல்லையெனில் ஏன் இல்லை என்று பிரதிநிதிகளைக் கேட்கலாம். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து, நீண்ட நாள் படுக்கையிலிருப்பவர் வீட்டுக்கு முறை வைத்துப் போகலாம். ஒரு மணி நேரம் நீங்கள் கட்டிலருகே உட்கார்ந்தால், இரவெல்லாம் கண் விழித்த அந்த வீட்டு அம்மாள் அந்த ஒரு மணி நேரம் தூங்குவாள். இதற்குப் பணமோ பட்டமோ தேவையில்லை. இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.