தேனீக்கு நஞ்சு சேராமல் காப்பது எப்படி?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்த ஊர் வித்துரா. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். வீட்டுப் புரையிடங்களில் தென்னை, மிளகு, வாழை, பாகல், பயறு. இத்தகைய நிலத்தில் தேனீக்கு உணவுப் பஞ்சம் இராது என்றே எவரும் எண்ணுவர். உணவு உண்டு என்பது உண்மையே. ஆனால் அவ்வுணவில் நஞ்சு கலவாதிருக்க வேண்டும். அதற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

ரப்பர் மரம் ஆண்டின் இறுதியில் இலை உதிர்த்து, ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் புதுத் தளிர் விடுகிறது. ஒவ்வோர் இலையிலும் மூன்று சிற்றிலைகள் காம்புடன் கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. ரப்பர்த் தேன் ஊறுவது பெரும்பாலும் பூவிலிருந்து அன்று, இச்சுரப்பிகளிலிருந்தே. தென் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கிடைக்கும் தேனில் பெரும்பகுதி இதுவே. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையம், பெட்டியில் தேனீ வளர்க்கும் முறையைக் குடியானவர்களிடையே பரப்பியது. இன்றும் அப்பகுதியினர் பருவந்தோறும் தம் பெட்டிகளைக் கேரளத்து ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து வைக்கின்றனர்.

ஆகவே பெட்டி ஒருவருடையது, தோட்டம் வேறொருவருடையது. மருந்து தெளிக்கும் செய்தி பெட்டிக்காரருக்கு எட்டாவிடில், ஓராண்டின் உழைப்பு ஒரே பகலில் வீணாகக்கூடும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் கேரளத்தின் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அந்த இழப்பிலிருந்து மீளப் பல ஆண்டுகள் ஆயின. நோயைத் தடுப்பது முற்றிலும் நம் கையில் இல்லை. நஞ்சைத் தடுப்பதோ பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது.

நஞ்சு தேனீயை மூன்று வழிகளில் அடைகிறது. தெளிக்கும்போது உடலில் நேராகப் படுவது ஒரு வழி. பூவிலும் மகரந்தத்திலும் படிந்து, கூட்டுக்குள் சென்று, புழுக்களுக்கு ஊட்டப்படுவது இரண்டாவது வழி. விதையிலோ வேரிலோ இட்ட மருந்து செடியின் சாற்றில் ஏறி, தேனிலும் மகரந்தத்திலும் வெளிப்படுவது மூன்றாவது வழி. இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சம் ஆகியவை இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. கொல்லாத அளவில் உட்கொண்டாலும் தேனீ தன் கூட்டுக்குத் திரும்பும் வழியைத் தவறவிடுவதுண்டு என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவற்றைத் திறந்த வெளியில் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது.

தமிழிலும் மலையாளத்திலும் பூச்சிகொல்லியை நாம் ‘மருந்து’ என்றே அழைக்கிறோம். அச்சொல் நம் அச்சத்தைக் குறைத்துவிடுகிறது. புட்டியின் மேல் காணும் வண்ண முக்கோணமும் அவ்வாறே நம்மை ஏமாற்றக்கூடும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறங்கள் மனிதரையும் பாலூட்டிகளையும் கருதி வகுக்கப்பட்டவை. தேனீயைக் கருதி அல்ல. தயாமீதாக்சம் அவ்வரிசையில் நீல நிறத்துக்குரியது. ஆயினும் ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால், அதில் ஏறத்தாழ ஐந்து பங்கே ஒரு தேனீயைக் கொல்லப் போதுமானது.

தோட்டக்காரர் முதலில், மருந்து உண்மையிலேயே தேவைதானா என்று பார்த்தல் நலம். பாகல் பூ காலையில் மலர்வது. அதன் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறாதலால், தேனீ போன்ற பூச்சிகள் வாராவிடில் காய் பிடிக்காது. பழ ஈக்கு அஞ்சுவோர் பிஞ்சைக் காகிதப் பையால் மூடலாம். ஈயை ஈர்க்கும் பொறியும் வைக்கலாம். தெளித்தே தீரவேண்டுமாயின், பூத்திருக்கும் செடியைத் தவிர்த்து, தேனீக்கள் கூடடைந்த பின் மாலையில் தெளிக்க வேண்டும். தூள் மருந்தைவிட நீர்மமோ குருணையோ மேலானது. காற்று வீசும் வேளை ஆகாது. மரத்தடியில் தும்பை முதலிய களைகள் பூத்திருந்தால், அவற்றை முன்னரே அறுத்துவிட வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலையும் மாலையில் தெளிப்பதே நன்று. தெளிப்பானை ஓடையில் கழுவலாகாது. தேனீயும் அந்நீரையே பருகும்.

ரப்பருக்கு வரும் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவுவது, தளிர் விடும் இதே மாதங்களில்தான். ஆதலின் தோட்ட உரிமையாளரும் பெட்டிக்காரரும் பருவம் தொடங்கும் முன்பே கலந்து பேசி, தூவும் நாளைக் குறித்துக்கொள்வது இருவருக்கும் நன்மை தரும்.

தேனீ வளர்ப்போர், பெட்டி இருக்கும் இடத்தை அண்டை வீட்டாருக்கும் கிருஷி பவனுக்கும் தெரிவித்து வைக்கலாம். நஞ்சு விரைவில் தணியும் மருந்தாயின், முந்தைய இரவே வாயிலைக் கம்பிவலையால் மூடி, பெட்டியின் மேல் ஈரச் சாக்கு இட்டு, காற்றோட்டமும் நிழலும் அளித்து, ஒரு பகல் அடைத்து வைக்கலாம். அதற்கு மேல் அடைத்தால் வெப்பத்தால் மடியும். நெடுநாள் நிற்கும் நஞ்சாயின், சில கிலோமீட்டர் தொலைவுக்குப் பெட்டியை மாற்றுவதே வழி. மிக அருகில் மாற்றினால் ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். சுவர்ப் பொந்திலும் மூங்கில் குழாயிலும் வாழும் சிறுதேனீயையும் மறத்தலாகாது.

வாயிலின் முன் இறந்த ஈக்கள் குவிதல், நாக்கு நீண்டு கிடத்தல், பறக்க இயலாமல் நடுங்கித் தவழ்தல் ஆகியவை நஞ்சின் அறிகுறிகள். அப்போது கூட்டை இடம் மாற்றி, மகரந்தம் நிறைந்த அடைகளை நீக்கி, சர்க்கரைப் பாகும் தூய நீரும் அளிக்க வேண்டும். அக்கூட்டின் தேனை எடுத்து விற்றல் தகாது. ஐயம் எழுந்தால் வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியை அணுகலாம். தேனீக்கள் பற்றிய அனைத்திந்திய ஆராய்ச்சித் திட்டத்தின் மையம் ஒன்று அங்கே உள்ளது.

இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. தெளிப்பதற்கு முன் பக்கத்துத் தோட்டத்தாரிடம் ஒரு சொல் சொல்லி வைத்தால், பெரும்பாலான இழப்பைத் தவிர்த்துவிடலாம்.